சாப்பிட்டீங்களா, சம்பந்தியம்மா?

விரலெல்லாம் மலைப்பூண்டு வாசனை. ஹோட்டலுக்கு உரித்துக்கொண்டிருந்த கையோடுதான் இன்று உன் போனை எடுத்தேன். இத்தாலியிலிருந்து உன் சம்பந்தியம்மா. உன் காரியம் முடிந்து அங்கே திரும்பியபோது, உன் மகள் இந்தப் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அலுப்பாக இருக்கிறது எனக்கு. நீ போனதிலிருந்து டீயும் பன்னுமாகத்தான் பொழுது போகிறது. பக்கத்துப் பக்கத்து வீடானாலும் நமக்கு ஒரே உலைதானே, எனக்கு மட்டும் என்று அடுப்பு மூட்ட மனசில்லை.

அவரோடு வீடியோவில் பேசிய முதல் ஞாயிறு ஞாபகம் இருக்கிறதா உனக்கு? தமிழில் சொன்னால் போன் கண்டபடி உளறியது. டூரிஸ்ட் காட்டேஜ் வேலையில் நான் பொறுக்கிய இங்கிலீஷைத் தட்டினால் இத்தாலியனில் பேசும். "மொதல்ல சாப்டீங்களான்னு கேளு புள்ள" என்றாய். 'ஈட்' என்று தட்டினேன். போன் அதை ஒரு அதிகாரி விசாரிப்பதுபோலக் கேட்டது. வாராவாரம் சம்பந்தியம்மாவிடமும் அதே கேள்வி, மகளிடமும் அதே கேள்வி.

ஒருநாள் உன் மகள் தனியாகக் கூப்பிட்டாள். "அம்மா, இனிமே அதக் கேக்காதீங்க. எனக்கு ஒழுங்காச் சோறு போடலைன்னு நீங்க சந்தேகப்படுறதா அத்தை நெனைக்கிறாங்க. ரொம்ப வருத்தப்படுறாங்க."

உனக்கு முகம் செத்துவிட்டது. "அதக் கேக்காம வேற என்னத்தப் பேசுறது புள்ள?" மகள் வீட்டில் மனத்தாங்கல் வந்துவிடுமோ என்று பயந்தாய். நானும் அந்த வார்த்தையை எப்படியெல்லாமோ மாற்றித் தட்டினேன், ஒன்றும் சரிப்படவில்லை. அப்புறம் சில வாரம் போன் முன்னால் சும்மா சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பார்க்கவே பாவமாக இருந்தது.

பிறகு ஒரு சாயங்காலம், சந்தையிலிருந்து கொலைப்பசியோடு வந்தாய். அவர்களுக்கு அது மதியச் சாப்பாட்டு நேரம். தட்டைக் கொண்டுவந்து, சோற்றில் குழம்பைப் பிசைந்து, அந்த அம்மா பார்க்கப் பார்க்கச் சாப்பிட்டாய். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவர் விருட்டென்று எழுந்து போனார். தொலைந்தது என்று நினைத்தோம். திரும்பி வந்தபோது அவர் கையிலும் ஒரு தட்டு. அன்றோடு என் மொழிபெயர்ப்பு வேலை ஒழிந்தது. அதன்பின் ஞாயிறுதோறும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், ஒரு பேச்சும் இல்லாமல்.

இன்றும் தட்டோடுதான் வந்தார். வெறுங்கையோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்ததும் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். நான் எழுந்து போய்க் குக்கர் வைத்தேன். விசில் அடங்கி, சோறு போட்டுக்கொண்டு நான் வந்து உட்காரும்வரை அவர் தன் தட்டைத் தொடவில்லை. அதற்குள் அது ஆறிப்போயிருக்கும்.

வயிறாரச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகுதான் உனக்காக அழத் தெம்பு வந்தது.