செண்பகத்துக்கு ஒரு பூசை

2005 செப்டெம்பர் 26, திங்கள்

இன்றும் எங்கள் வீட்டில் பேய் நாடகம். பக்கத்து வீட்டு நல்லம்மா அக்காவின் டீவி பழுதானதிலிருந்து அவரும் இங்கேதான். கதை இதுதான்: செண்பகம் செத்துப் பேயாகி, தன் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். யார் கண்ணுக்கும் தெரியமாட்டாள். புருஷன் வசந்தா என்பவளை இரண்டாந்தாரமாகக் கட்டியிருக்கிறான். செண்பகம் வந்தால் அழ வேண்டும். வசந்தா வந்தால் ஏச வேண்டும்.

இன்று வசந்தா செத்தவளின் அலுமாரியைத் திறந்தாள். "தொட்டுட்டா பாரு, நாசமாப் போறவ" என்றார் நல்லம்மா அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, "யோசப்பின், ஒன்னய சொல்லல" என்றார்.

நான் ஒன்றும் கேட்கவில்லையே.

நானும் இரண்டாந்தாரம்தான். கபிரியேலைக் கட்டி இரண்டு வருஷமாகப் போகிறது. முதல் மனைவி பிலோமினா காய்ச்சலில் போனவள். அவள் மகள் ரொசலினுக்குப் பதினாறு வயது. நாடகம் முடியும்வரை மூலைக் கதிரையில் பாடப் புத்தகத்தோடு இருப்பாள். வாய் திறக்கமாட்டாள்.

செப்டெம்பர் 28

கலகெதரயிலிருந்து டொரதி போன் எடுத்தார், பிலோமினாவின் அக்கா. நாடகம் பார்த்து அழுத குரல். "டிசம்பர்ல ஸ்கூல் சோதனை முடிஞ்சதும் புள்ள இங்கயே வந்து இருக்கட்டும். ஒங்களுக்கும் கரச்சல் இல்ல."

எனக்குக் கரைச்சல் என்று யார் சொன்னது?

ரொசலினிடம் கேட்டேன், போகப் போகிறாயா என்று. "தெரியாது" என்றாள். போய்விடுவாள் என்றுதான் நினைக்கிறேன். இந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்துப் போய்விட்டது. அதுதான் கோளாறு.

ஒக்டோபர் 6

நோன்பு தொடங்கிவிட்டது. புடவைக் கடையில் என்னோடு வேலைக்கு நிற்கும் ரபீகாவுக்கு இரவுத் தொழுகை இருப்பதால் நாடகம் பார்க்க முடியாதாம். "எங்கட மார்க்கத்துல பேய் இல்ல, ஜின்தான் ஈக்கிது. ஆனாலும் செண்பகம் பாவம்" என்கிறாள். ஆகவே தினமும் காலையில் கதை சொல்லும் வேலை எனக்கு. வசந்தாவின் அட்டூழியங்களை வசந்தாவே சொல்வதுபோல.

கொஞ்சம் குறைத்துத்தான் சொல்கிறேன்.

ஒக்டோபர் 11

டீவிக் கோபுரம் நிற்கும் ஹந்தானை மலைப் பக்கம் மழை. படம் ஆடியது. வசந்தா பிள்ளையை அடித்தாளா, தலை சீவிவிட்டாளா என்று தெரியவில்லை. அடித்தாள் என்று முடிவாயிற்று.

ஒக்டோபர் 13

வசந்தாவும் பாவம்தான் என்கிறாள் ரபீகா. என் நாடகம் நன்றாகப் போகிறது.

ஒக்டோபர் 15, சனி

நல்லம்மா அக்கா காலையிலேயே வந்தார். செண்பகத்தின் ஆன்மா சாந்தியடைய எங்கள் மாதா கோயிலில் பூசையில் வாசிக்கப் பெயர் கொடுக்க வேண்டுமாம். "எங்க பக்கம்னா எள்ளும் தண்ணியும் எறைக்கணும், அதுக்கு மகன் வேணும். ஒங்க கோயில்ல பேரக் குடுத்தாப் போதும்ல?"

அந்த நடிகை உயிரோடு இருக்கிறாள் அக்கா என்றேன்.

"அவ இருப்பா. செண்பகம் செத்துட்டாள்ல?"

குடையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். உபதேசியார் பேனாவோடு நிமிர்ந்து, "யாருடைய ஆன்மாவுக்கு?" என்றார். செண்பகம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நாடகப் பேய்க்குப் பூசை கேட்க ஆளிருக்கிறது. நான் வந்த நாளிலிருந்து பிலோமினாவுக்கு யாரும் கேட்டதில்லை. என் மனம் நோகுமென்று அவள் பேரைக்கூட வீட்டில் எடுப்பதில்லை.

"பிலோமினா" என்றேன்.

ஒக்டோபர் 16, ஞாயிறு

பூசையில் பிலோமினாவின் பெயரை வாசித்தார்கள். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ரொசலின் சடாரென்று அப்பாவைப் பார்த்தாள். கடைசி வாங்கில் நல்ல சேலை கட்டி உட்கார்ந்திருந்த நல்லம்மா அக்கா, முடிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார். "எங்க செண்பகம்? மாத்தி வாசிச்சிட்டாங்களா?"

வீட்டில் விசாரணை. "நீயா பேர் குடுத்த?" "நீங்க இல்லயா அப்பா?" கடைசியில் டொரதியாகத்தான் இருக்கும் என்று இருவரும் தீர்மானித்தார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தேன். என் பக்கம் யாரும் திரும்பவே இல்லை. எரிச்சலாகத்தான் இருந்தது.

ஆனால் சாப்பிடும்போது அவர் பிலோமினாவைப் பற்றிப் பேசினார். ஆற்றில் குளிக்கப் போய்ச் செருப்பைத் தண்ணீரோடு விட்டுவிட்டு வெறுங்காலோடு பஸ் ஏறினாளாம். ரொசலின் சத்தமாகச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஒக்டோபர் 20

டொரதி போனில் தான் கொடுக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். ரொசலின் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"நீங்களா?"

"நல்லம்மா அக்கா செண்பகத்துக்குக் குடுக்கச் சொன்னாங்க. வாய் தவறிடுச்சி."

நறுக்கி வைத்த கரட்டில் ஒரு துண்டை எடுத்துக் கடித்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒக்டோபர் 28, வெள்ளி

நாடகம் இன்றோடு முடிந்தது. செண்பகம் பிள்ளையின் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு வெளிச்சமாகிப் போய்விட்டாள். எல்லோரும் அழுதோம். அவர் கண்ணில் தூசி என்றார்.

நல்லம்மா அக்காவுக்குத் திருப்தியில்லை. "கடைசி வரைக்கும் அந்த வசந்தாவுக்கு ஒண்ணும் ஆவலயே. போறதுக்கு முந்தி அவ கழுத்தத் திருகிட்டுப் போயிருக்கணும்."

"ஏன்? அவ என்ன செஞ்சா?"

மூலைக் கதிரையிலிருந்து. ரொசலின்.

"காலையில எந்திரிச்சி சோறு கட்டிக் குடுத்தா. பேய் இருக்கிற வீடுன்னு தெரிஞ்சும் ஓடாம இருந்தா. அவளுக்குப் பயமா இருந்திருக்காதா?"

நல்லம்மா அக்கா இவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டீவியைப் பார்த்தார். அதில் சவர்க்கார விளம்பரம்.

தேத்தண்ணி ஊற்றுகிறேன் என்று எழுந்து போய், குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நாடகத்துக்கு அழுததைவிட அதிகம்.

நவம்பர் 2, புதன்

மரித்த ஆன்மாக்களின் திருநாள். அவருக்கு வேலை. நானும் ரொசலினும் மஹியாவையிலுள்ள பிலோமினாவின் கல்லறைக்குப் போனோம். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். கிட்ட வரச்சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தாள்.

மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துவிட்டுக் கல்லறையிடம் சொன்னாள்: "அம்மா, இதுதான் சித்தி, பேரு யோசப்பின். லீவுக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போயிட்டு ரெண்டு கெழமையில எங்க வீட்டுக்கு வந்துருவேன்."

இப்படி ஒரு அறிமுகத்துக்கு என்ன செய்வது என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. தலையை ஆட்டினேன். போய் வருகிறோம் என்றும் சொன்னேன்.