உனக்கு வகுப்பு, எனக்குத் துண்டறிக்கை

எப்போதும் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும் என் ரோஸி அக்காவுக்கு,

இந்த முறையும் நீதான் முந்திக்கொண்டாய். தவக்காலம் தொடங்கும் முன்பே, காபி குடித்துக்கொண்டிருந்தவள், மாரடைப்பில் போய்விட்டாய். மந்தைவெளி வீட்டில் இப்போது நான் மட்டும்தான். உன்மேல் எனக்குப் பொறாமை இன்னும் தீரவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நம் இருவருக்கும் ஒரே இடுப்பு வலி. உனக்குப் பள்ளிக்கூடத்தில் நின்று நின்று வந்தது, எனக்குத் தி.நகர் புடவைக் கடையில் நின்று நின்று வந்தது. எத்தனை தைலம், எத்தனை ஊசி! நாள்பட்ட வலிக்கு அடையாற்றில் ஒரு மருத்துவமனையில் ஆராய்ச்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டு, இருவரும் சேர்ந்துதானே பெயர் கொடுத்தோம்? கம்ப்யூட்டர் குலுக்கல் நம்மைப் பிரித்தது. உனக்கு வாராவாரம் பயிற்சி வகுப்பு. எனக்கு வீட்டில் படித்துக்கொள்ள ஒரு துண்டறிக்கை. வகுப்பால் பலன் உண்டா என்று ஒப்பிட்டுப் பார்க்க, வகுப்புக்குப் போகாதவர்களும் வேண்டுமாம்.

கொஞ்ச நாளில் நீ வேறு ஆளாகிவிட்டாய். மயிலாப்பூரிலிருந்து காய்கறிப் பையை நீயே தூக்கி வந்தாய். அண்ணன் மகள் கல்யாண வரவேற்பில் ஆடினாய், அக்கா! நான் நாற்காலியில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். வயிறு எரிந்தது.

"அப்படி என்னதான் சொல்லித் தர்றாங்க? எனக்கும் காட்டேன்" என்று கேட்டேன்.

"காட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கடி. ஆராய்ச்சி கெட்டுப்போயிடும்."

"என் இடுப்பைவிட உனக்கு ஆராய்ச்சி பெருசாப் போச்சா?"

நீ சிரித்துக்கொண்டே அறைக் கதவைச் சாத்திக்கொண்டாய். அன்றைக்கு உனக்குத் தோசை வார்க்கவில்லை, ஞாபகம் இருக்கிறதா?

இப்போது ஆராய்ச்சி முடிந்துவிட்டது. துண்டறிக்கை வாங்கிய எங்களுக்கும் அதே வகுப்பு தருகிறார்கள். போன வாரம் முதல் முறையாகப் போனேன். உன்னோடு பயின்ற மல்லிகா இன்னும் அங்கே வருகிறாள், பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவள். என்னைப் பார்த்ததும், "எங்க டீச்சரம்மா தங்கச்சியா நீ?" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். 'எங்க' டீச்சரம்மாவாம்! எனக்குச் சுருக்கென்றது.

பயிற்சியாளர் திவ்யா தண்ணீர் நிரப்பிய வாளியைக் காட்டித் தூக்கச் சொன்னாள். குனிந்தேன், விட்டுவிட்டேன். "வலிக்குதும்மா. எங்க அக்கா மாதிரி வலி போனப்புறம் தூக்கறேன்."

"இன்னாம்மா சொல்ற?" என்றாள் மல்லிகா. "டீச்சரம்மாவுக்கு வலி எங்க போச்சு? கடைசி வரைக்கும் இருந்துச்சு. வூட்ல குந்திக்கினா மட்டும் போயிடுமா, அதையும் இட்டுக்கினு போலாம் மல்லிகான்னு சொல்லும்."

நான் திவ்யாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மெதுவாகச் சொன்னாள்: "இவ்ளோ வருஷமா இருக்கிற வலி சிலருக்குக் குறையும், சிலருக்கு அப்படியே இருக்கும். வலிச்சாலே உள்ள ஏதோ கெட்டுப்போகுதுன்னு அர்த்தமில்லம்மா. பயப்படாம, கொஞ்சம் கொஞ்சமா உடம்பை நம்பப் பழகறோம். அவ்வளவுதான்."

அப்படியென்றால் நான் பொறாமைப்பட்டது எதைப் பார்த்து? வலியில்லாத உன் இடுப்பைப் பார்த்தா? அப்படி ஒன்று இருக்கவே இல்லையே! வரவேற்பில் ஆடியபோதும் வலித்ததா? அதை மல்லிகாவிடம் சொல்லியிருக்கிறாய், ஒரே கூரையின் கீழ் இருந்த என்னிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் 'அப்புறம் எதுக்கு அந்த வகுப்பு' என்று நான் அலட்சியமாகப் பேசிவிடுவேன் என்றா?

பேசியிருப்பேன்தான். இருந்தாலும் சொல்லியிருக்கலாம்.

அன்றைக்கு அந்த வாளியைத் தூக்கினேன். வலித்தது. கீழே வைத்த பிறகும் நான் உடைந்துபோகவில்லை. "அப்படியே டீச்சரம்மா மாதிரி!" என்று மல்லிகா கை தட்டினாள். எனக்கு மறுபடியும் எரிந்தது. உன்னை மாதிரி எதற்கு? உன்னைவிட நன்றாகத் தூக்குகிறேன் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

மாதா திருவிழாவுக்கு நீ போன வருஷம் பெசன்ட் நகர் வரை நடந்தே போனாய். நான் ஆட்டோவில் வந்தேன். வழியில் அடையாறு பாலத்தருகே நீ உட்கார்ந்துவிட்டாய் என்று உன்னோடு நடந்த மல்லிகா சொல்லிவிட்டாள். இந்த வருஷம் வலியையும் கூட்டிக்கொண்டு நான் நடக்கிறேன். அந்தப் பாலத்தில் மட்டும் உட்கார மாட்டேன். இது சத்தியம்.

வலியில் மட்டும் உனக்குச் சரிசமமான,
உன் தங்கை ஸ்டெல்லா