எஞ்சினுக்கு முட்டி வலி

ஜூன் 9, திங்கள்

மேகமூட்டம். நல்ல காற்று. மாடியில் காயப்போட்ட துண்டு பக்கத்து வீட்டு வேம்பில். கம்பு கொண்டு எடுத்தாயிற்று.

வியாழன் விக்கிரமசிங்கபுரம் போகவேண்டும். சுடலைமுத்து வீட்டில் சிக்னல் கிடையாது, மலை மறைக்கிறது. கட்டுரைகளை இங்கேயே போனில் சேமித்துக்கொண்டு போவது வழக்கம். சர்க்கரை அவர் கண்ணைக் கொண்டுபோன பிறகு நான்தான் வாசிக்கிறேன். அந்தக் காலத்தில் அவர் மில்லில் பிட்டர், நான் பள்ளியில் பூகோளம், அடுத்தடுத்த வீடு.

சேமித்தவை: பவளப்பாறைகள். உப்பளம். நீராவி எஞ்சின் (இது அவருக்காகவே).

ஜூன் 10, செவ்வாய்

உப்பளம் இரண்டு தடவை சேமித்திருக்கிறேன். ஒன்றை அழித்தேன். சரியானதைத்தான் அழித்தேனா? திறந்து பார்த்தேன். இருக்கிறது.

போன வாரம் பாதியிலேயே தூங்கிவிட்டார். ராத்திரி சரியான தூக்கம் இல்லை என்று மருமகள் செல்வி சொன்னாள். மரியாதைக்குச் சொன்னதாக இருக்கலாம். ஊரில் எல்லாரையும் ஏசுகிறவர், என்னை மட்டும் ‘சார்வாள்’. வரவேண்டாம் என்று என்னிடம் எப்படிச் சொல்வார்?

மனைவி கிரேஸிடம் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டே, “கோயில்ல வேதபாடம் வாசிக்க மாதிரி வாசிச்சா யாருதான் முழிச்சிருப்பா?” என்றாள்.

இரவு குழம்பில் உப்பு அதிகம். சொல்லவில்லை.

ஜூன் 12, வியாழன்

பஸ்ஸில் ஜன்னலோரம். அம்பாசமுத்திரம் தாண்டியதும் சாரல், முகத்தில். கண்ணாடியை மூடவில்லை.

எஞ்சின் கட்டுரை. நிதானமாக வாசித்தேன். ஒரு வரி விடவில்லை. வாசித்து முடித்ததும் வாய் தானாக “இத்துடன் பாடம் முடிகிறது” என்றது. வெட்கம். அந்த வேகத்திலேயே, சலிப்பாக இருந்தால் இனி வரவில்லை என்றும் சொல்லிவிட்டேன்.

சுடலைமுத்து முகத்தை என் பக்கம் திருப்பினார். பிறகு, “அது கெடக்கட்டும். எஞ்சினுக்கு ஏன்வே முட்டி வலி?”

புரியவில்லை. போனைப் பார்த்தேன். கட்டுரைக்கு நடுவே, ‘இதையும் படியுங்கள்: முட்டி வலி தீர மூன்று வழிகள்’. அதையும் சேர்த்து வாசித்திருக்கிறேன். ஒவ்வொரு வாரமும் இப்படித்தான் போல.

“போன வாரம் யானைக்கு நடுவுல முடி கொட்டுச்சு. அதுக்கு முந்தி வீட்டுக் கடன். படிச்ச மனுசன் வாசிக்காரு, நமக்குத்தான் வெளங்கலன்னு யோசிச்சுக்கிட்டே தூங்கிப்போவேன். நீரு என்னன்னா வரலைங்கீரு. அடுத்த வியாழன் வராம இரும், பாக்கேன்.”

உள்ளே செல்வி சிரித்த சிரிப்பில் காப்பி சிந்திவிட்டது. நானும் சிரித்தேன். ‘வே’ என்றார் என்னை, ‘சார்வாள்’ போயிற்று. திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், கால் வலிக்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

வெயில். போனில் ‘வாசிப்பு முறை’ என்று ஒன்று உண்டு. அழுத்தினால் விளம்பரமெல்லாம் போய்க் கட்டுரை மட்டும் நிற்கிறது. இத்தனை நாள் கண்ணில் படவில்லை. எல்லாவற்றையும் மறுபடி சேமித்தேன்.

மாலை செல்வி கடைத்தெருவிலிருந்து போன். “சார், மாமா ஒங்ககிட்ட சொல்லச் சொன்னாவ. அந்த முட்டி வலிய முழுசாக் கொண்டாரணுமாம். ரெண்டு நாளா மாமாவுக்கே முட்டி வலி.”

தேடினேன். கிடைத்தது. மூன்று வழியும் இருக்கிறது. சேமித்தாயிற்று.