பன்னிரண்டரை மணிக் கட்டம்

மரியாதைக்குரிய ஆய்வு அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். உங்கள் அலுவலகத்தில் இருப்பவர்களிடமும் வேண்டாம். படித்ததும் கிழித்துவிடுங்கள். திங்கட்கிழமை கீழ்த்தள வீட்டில் மூன்று உறைகளை வாங்கிப் போனீர்களே, அப்பா கட்டிலில் படுத்திருந்தாரே, அந்த வீட்டுப் பெண்தான் நான். சந்தேகம் இருந்தால் எழுதச் சொல்லி நீங்கள் வைத்துவிட்டுப் போன தபால் உறையில்தான் இதை அனுப்பப் போகிறேன். குளியலறையில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து எழுதுகிறேன். துணி அலசுகிற சத்தம் வர வேண்டும் என்று குழாயைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறேன்.

நான் ஒரு தப்பு செய்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க என்னென்ன செய்தோம் என்று அரைமணிக்கு ஒரு கட்டமாக ஆளுக்கு ஒரு படிவத்தில் எழுதச் சொன்னீர்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்கக்கூடாது, எழுதியதும் உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும் என்றும் சொன்னீர்கள். நீங்கள் அந்தப் பக்கம் போனதுமே அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். "உன்னோடதுல எட்டரைலேர்ந்து நாலு வரைக்கும் பள்ளிக்கூடம்னு ஒரே கோடா போட்டுடு. நானும் அப்படித்தான் சொல்லுவேன். வேற எதையும் எழுதிக்கிட்டு இருக்காத" என்றாள். சரி என்றேன்.

ஆனால் எழுத உட்கார்ந்தபோது நீங்கள் சொன்னதுதான் ஞாபகம் வந்தது. "இதுல சரி தப்புன்னு ஒண்ணும் இல்லம்மா, என்ன நடந்துச்சோ அதை அப்படியே போடு" என்றீர்கள். அது வரைக்கும் யாரும் என்னிடம் என் நாள் எப்படிப் போகிறது என்று கேட்டதில்லை. எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். உறையையும் ஒட்டிவிட்டேன். கோடு போட்டுவிட்டேன் என்று அம்மாவிடம் பொய் சொன்னேன்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் அம்மாவுக்கு விடுதிப் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் சலவை நிலையத்தில் மதிய ஷிப்டு. பன்னிரண்டே முக்காலுக்கு வண்டி வரும். அதற்குள் நான் வீட்டுக்கு வந்தாக வேண்டும். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பதினோரு மாதம் ஆகிறது. வலது பக்கம் அசையாது. தனியாக விட முடியாது. அதனால் நான் காலையில் மட்டும்தான் பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன்.

மதிய வருகையைக் கணக்கு டீச்சர் போட்டுவிடுவார். முதல் நாள் நான் அழுதுகொண்டு நின்றபோது, "நான் உன்னைப் பார்த்தேன்னு வச்சுக்கோ. ஓடு, அம்மா காத்துக்கிட்டு இருப்பாங்க" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. பதிவேட்டை மூடும்போது ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். நூற்றுக்கு எண்பது நாள் வருகை இருந்தால்தான் பிள்ளைகளுக்கான உதவித்தொகை வரும். இந்தக் கீழ்த்தள வீட்டு வாடகையில் பாதி அதில்தான் போகிறது. படி இல்லாத வீடு அப்பாவுக்கு வேறு எங்கே கிடைக்கும்?

திங்கட்கிழமை உறைகளை வாங்கிப் போகும்போது நீங்கள் அம்மாவிடம், "சனிக்கிழமை வந்து மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்போம். எங்கயாவது இடிச்சா கேட்டுத் திருத்திக்கலாம்" என்றீர்கள். சனிக்கிழமை மேசையில் வைத்துப் படித்தால் பன்னிரண்டரை மணிக் கட்டத்திலேயே இடித்துவிடும். அம்மாவுக்கு நான் செய்தது தெரிந்துவிடும். உங்களுக்கு மேலே இருப்பவர்களுக்குத் தெரிந்தால் உதவித்தொகை நின்றுவிடும். டீச்சருக்கு வேலை போய்விடும். அவருக்கு என்னால் கெடுதல் வந்தால் நான் எந்த முகத்தோடு வகுப்பில் உட்காருவேன்?

முதலில் நான் நினைத்தது வேறு. நீங்கள் கூடுதலாகக் கொடுத்த படிவம் ஒன்று அலமாரியில் இருந்தது. நேற்று அதில் அம்மா சொன்னபடியே எழுதினேன். எட்டரை முதல் நாலு வரை பள்ளிக்கூடம். இதோடு அனுப்பி, பழையதை எடுத்துவிட்டு இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன்.

ஆனால் அப்பாவின் படிவத்தை எழுதியதும் நான்தான். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அவர் பேச்சு குழறும், எனக்கு மட்டும் முழுக்கப் புரியும். என்னை 'மேனேஜர்' என்றுதான் கூப்பிடுவார். "வேலைன்னு கேட்டிருக்கா? எழுது மேனேஜர், கூரையப் பாக்குறது. லீவே கிடையாது" என்றார். கூட யார் இருந்தார்கள் என்ற இடத்தில் பன்னிரண்டரையிலிருந்து அம்மா திரும்பும் ஒன்பதரை வரைக்கும் 'மகள்' என்று போடச் சொன்னார். ஒவ்வொரு கட்டத்திலும் தனித்தனியாகப் போடச் சொன்னார். மேலே உள்ளதே கீழேயும் என்று இரண்டு புள்ளி வைத்தால் போதும் என்றேன். கேட்கவில்லை. "அவங்க எண்ணிப் பாக்கட்டும்" என்றார்.

புதுப் படிவத்தை நீங்கள் வைத்துக்கொண்டால் அப்பா பொய் சொன்னதாக ஆகும். அவர் படிவத்தையும் மாற்றினால் இன்னும் மோசம். அம்மா போனதிலிருந்து நாலு மணி வரைக்கும் அவர் தனியாகக் கிடந்ததாக ஆகிவிடும். இரண்டு மணிக்குத் தண்ணீர் கொடுத்தது யார், மூன்று மணிக்குத் துணி மாற்றியது யார் என்று உங்கள் ஆட்கள் கேட்பார்கள். நடக்க முடியாத மனிதனைப் போட்டுவிட்டுப் போனாள் என்று அம்மாவைத்தான் நினைப்பார்கள். என் அம்மா அப்படிப்பட்டவள் இல்லை அக்கா. வண்டி வந்து ஹாரன் அடித்தாலும் என் தலை தெருமுனையில் தெரியாமல் அவள் வாசலை விட்டு இறங்கியதில்லை.

அதனால் புதுப் படிவத்தைக் கிழித்துவிட்டேன். பழையது உங்களிடமே இருக்கட்டும். எங்கள் வீட்டு எண்ணையும் பள்ளிக்கூடத்தின் பெயரையும் மட்டும் எடுத்துவிடுங்கள். சனிக்கிழமை மேசையில் வைத்து எதையும் கேட்காதீர்கள். கேட்டே ஆக வேண்டுமென்றால் என்னைத் தனியாகத் தெருமுனைக்குக் கூப்பிடுங்கள். ஒளிக்காமல் சொல்கிறேன். எங்களை மாதிரி எத்தனை வீடுகள் இருக்கின்றன என்று எண்ணத்தான் வந்திருக்கிறோம் என்றீர்கள். எண்ணுங்கள். எண்ணிக்கையில் நான் ஒன்று என்று தெரிந்தால் போதும், அது நான்தான் என்று யாருக்கும் தெரிய வேண்டாம்.

கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வியைக் காலியாக விட்டிருந்தேன். இந்த நாளில் ஒன்றை மாற்ற முடிந்தால் எதை மாற்றுவாய் என்று. அம்மாவையோ அப்பாவையோ குறை சொல்கிற மாதிரி ஆகிவிடுமோ என்று பயந்தேன். இப்போது சொல்கிறேன். அறிவியல் ஆய்வகம் எப்போதும் மதியம்தான். ஒரு சொட்டு விழுந்ததும் கண்ணாடிக் குடுவை முழுக்க இளஞ்சிவப்பாக மாறுமாம். என் தோழி நோட்டைப் பார்த்து எழுதி, பரீட்சையில் அதற்கு முழு மதிப்பெண்ணும் வாங்கிவிட்டேன். ஆனால் நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு மதியம் போதும் அக்கா. யாராவது ஒருவர் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், அவருக்குச் சிரிப்பு வருகிற மாதிரி பேசத் தெரிந்தவராக இருந்தால், நான்

அம்மா கதவைத் தட்டுகிறாள். அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்க இரண்டு பேர் வேண்டும். பத்தரை மணிக் கட்டம்