உப்பு மூட்டைகள் இருக்கும் அறை

நான் சபாபதி, நம் தெருச் சங்கத்தின் செயலாளர். நண்பா, நீ முன்னின்று கட்டிய அறை இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதை உனக்குத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன்.

காலையில் ஜன்னலைத் திறந்ததும் பச்சைப் பனையோலை வாசனை வந்தது. மழைக்கு முன் உப்பளத்துக் குவியல்களை ஓலை வேய்ந்து மூடுகிறார்கள். உடனே அன்று நீ சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது.

குடிசை இழந்து பேருந்து நிழற்குடையில் கிடந்த கோவிந்தம்மாளுக்கும், பார்வையற்ற அவள் கணவருக்கும் தெருவே திரண்டு குடில் போட்ட நாள் அது. கழி ஒருவர் தந்தார், ஓலை ஒருவர் தந்தார். கூலி எவரும் கேட்கவில்லை. மாலையில் நீ உள்ளே தவழ்ந்து போய், தவழ்ந்தே வெளியே வந்தாய். அத்தனை பேரும் பழகிய கையால் உப்புக் குவியலுக்குப் போடுவதைப் போலவே, தரையைத் தொடும்படி தாழ்வாக வேய்ந்திருந்தார்கள். சிரித்து முடித்ததும் உன் முகம் மாறியது.

"ஏம்பா செக்ரட்டரி, உப்பு படுத்தே கெடக்கும். மனுசன் எழுந்து நிக்க வேணாமா?"

மறுநாளே அதைப் பிரிக்க வைத்தாய். சங்கத்து இடத்தில் சுவரும் ஜன்னலும் வைத்து ஓர் அறை எழுந்தது. வீடற்றவர்க்கே அது உரியது என்ற தீர்மானத்தை நான் எழுதினேன், எல்லோரும் கைதூக்கினார்கள். அவர்கள் இருவரும் அதில் குடியேறினார்கள்.

ஆடியில் நீ கண்ணை மூடினாய். ஐப்பசியில் அந்த அறைக்குள் உப்பு மூட்டைகள் வந்துவிட்டன. கோவிந்தம்மாளும் கணவரும் மீண்டும் நிழற்குடையில் இருக்கிறார்கள். கேட்டால் எவரும் கோபிப்பதில்லை. அதுதான் எனக்கு எரிச்சலூட்டுகிறது. உப்பு ஏற்ற லாரி வரும்வரைதான் என்கிறார்கள். "மழையில உப்பு கரைஞ்சிடுங்களே" என்று பொருளாளர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். மனிதர் கரைவதில்லை என்பதால் அவர்களை வெளியே வைக்கலாம் போலும்! இத்தனைக்கும் தினமும் தவறாமல் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.

நேற்று சாரலில் அவளைப் பார்த்தேன். "நாலு வீட்லேர்ந்து சோறு வருதுங்க. நனையாம உக்காந்து துன்றதுக்குத்தான் எடம் இல்ல" என்றாள். குறையாகக்கூடச் சொல்லவில்லை.

எதற்கும் சங்க விதி பார்க்கிறவன் என்று என்னை எத்தனை முறை கேலி செய்திருப்பாய்! அதே விதியைத்தான் இன்று கையில் எடுக்கிறேன். அந்தத் தீர்மானத்தை எந்தக் கூட்டமும் ரத்து செய்யவில்லை. அறையின் ஒரு சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. இதை எழுதி முடித்ததும் போய்க் கதவைத் திறப்பேன். மூட்டைகளை வெளியே அடுக்குவேன். அவர்கள் இருவரையும் அழைத்து வந்து உள்ளே குடிவைப்பேன். உப்பு நனையாதிருக்க ஓலை வேயத் தெரிந்தவர்கள் நம் தெருவில் ஏராளம்.