விடுமுறைக்கு வந்தவர்கள்

அண்ணை,

நீங்கள் இரவல் கோட்டோடு சிரித்துக்கொண்டு நிற்கும் படம் இந்தக் கிழமை மின்னஞ்சலில் வந்தது. பின்னால் சாம்பல் நிறக் கடல். இரண்டு பக்கமும் உங்கள் அறைத் தோழர்கள், மெல்லிய சேட்டோடு, அவர்களும் சிரித்தபடி. கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: விடுமுறைக்கு வந்தவர்கள்.

அனுப்பியவர் இங்கிலாந்தின் அந்தக் கடலோர நகரத்தில் உள்ளூர் வரலாறு சேகரிக்கும் ஓர் அம்மையார். நீங்கள் இருந்த மேட்டுத் தெருவைப் பற்றிப் புத்தகம் போடுகிறார்கள். படம், காலமான விடுதிக்காரியின் அலுமாரியில் கிடைத்ததாம். உங்கள் மறைவுக்கு நான் ஆங்கிலத்தில் எழுதிய குறிப்பில் அந்தத் தெருவின் பெயரைக் கண்டு என்னைத் தேடிப்பிடித்திருக்கிறார்; படத்தில் நீங்களும் இருப்பது அவருக்குத் தெரியாது. அச்சுக்குப் போகுமுன் வரி சரிதானா என்று கேட்டிருந்தார்.

அந்தத் தெருவை நான் கண்டதில்லை. ஆனால் நீங்கள் பிறகு குடியேறிய இந்த நாட்டில், றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போகும் வழியில், பேவியூ வீதியில் பனிக்குள் கார்கள் அசையாமல் நின்ற ஒருநாள், அதன் கதை முழுவதையும் நீங்கள் எனக்குச் சொன்னீர்கள். முதலில் மீனவர் வீடுகள். ரயில் வந்ததும் ஒவ்வொன்றாக விடுதிகளாகின. காலைச் சாப்பாடு முடிந்தால் விருந்தினர் வெளியே போய்விட வேண்டும், பின்னேரம்தான் திரும்பலாம் என்பது விடுதிக்காரிகள் வைத்த சட்டம். சனங்கள் வெயில் தேடி ஸ்பெயினுக்குப் பறக்கத் தொடங்க, அறைகள் வெறுமையாகின. அவற்றில்தான் அரசு உங்களைப் போன்ற அகதிகளைக் கொண்டுவந்து வைத்தது. பழைய சட்டம் உங்களுக்கும் பொருந்தியது.

"மழையெண்டாலும் வெளியிலைதான். கடற்கரைக் கொட்டிலுக்குள்ளை கிழவங்களோடை குந்தியிருந்து கதை கேப்பன். சம்பளமில்லாத நிருபர்" என்றீர்கள்.

படத்தின் கதையும் அன்றுதான் சொன்னீர்கள். கோட்டு விடுதிக்காரியின் செத்துப்போன புருஷனுடையது. ஊருக்குப் படம் அனுப்ப மூவரும் முறைவைத்துப் போட்டிருக்கிறீர்கள். ஏன் அப்படிச் சிரித்தீர்கள் என்று கேட்டேன். "வீட்டுக்கு அனுப்புற படத்திலை ஆரும் அழுதுகொண்டு நிப்பினமே?"

அம்மையார் இன்னொன்றும் எழுதியிருந்தார். அதே வீடுகளில் இப்போது புதிய அகதிகள் இருக்கிறார்கள். ஊர்க் கூட்டமொன்றில் ஒருவர் இந்தப் படத்தை உயர்த்திக் காட்டி, முந்தி இப்படியானவர்கள் வந்தார்கள், காசைச் செலவழித்தார்கள், திரும்பிப் போனார்கள் என்று பேசியிருக்கிறார். கைதட்டலும் கிடைத்ததாம்.

உங்கள் மனைவியைப் பார்க்க யூனியன்வில் வீட்டுக்குப் போனேன். அக்கா தேத்தண்ணி தந்துவிட்டு என் போனை வாங்கிப் படத்தைப் பார்த்தா.

"விடுங்கோ தம்பி. அவரே வாய் திறக்காததை நீங்கள் ஏன் சொல்லுறியள்?"

கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். அக்கா உங்கள் முகத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தா.

"இப்ப இருக்கிற பெடியளையும் காலமை வெளியிலை கலைக்கினமோ?"

தெரியாது என்றேன். நிருபராக இவ்வளவு காலம் இருந்தும் அதை அம்மையாரிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

கடைசியில் அக்கா சொன்னா: "எழுதுங்கோ. ஆனா இவரின்ரை பேரைப் போடாதேங்கோ. அங்கை படிச்சவர் எண்டுதான் பிள்ளையள் நினைச்சுக்கொண்டிருக்கினம்."

ஆசிரியராக இருந்தவரை, பெயரில்லாத படத்தை எங்கள் பத்திரிகையில் நீங்கள் ஒருநாளும் விட்டதில்லை. ஆர் இது, எங்கை நிக்கினம் என்று பக்கத்தை நிறுத்திவைப்பீர்கள்; எனக்கும் அச்சகத்துக்கும் உயிர் போகும்.

நேற்று வரியைத் திருத்தி அனுப்பினேன். மேட்டுத் தெரு விடுதியில் தங்கவைக்கப்பட்ட இலங்கைத் தமிழ் அகதிகள் மூவர். மற்ற இருவரின் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்த ஒன்றை எழுதவில்லை. அம்மையார் நன்றி சொன்னார். காலையில் வெளியே அனுப்புவது இப்போதும் உண்டா என்று விசாரித்து எழுதுவதாகவும் சொன்னார்.

இனி அந்தத் தெருவின் வரலாற்றில் நீங்கள் அகதி, பெயரில்லாமல். உங்கள் வீட்டில் பெயரோடு மாணவன். இரண்டும் ஒரே ஆள் என்று இதுவரை தெரிந்தவர்கள் அக்காவும் நானும் மட்டும்.

உங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. அந்தத் துணிவில்தான் இதை எங்கள் பத்திரிகையில் எழுதுகிறேன், அண்ணை. அந்தத் துணிவு எனக்கு நல்லதாகப் படவில்லை.