வாங்கன்னு கேக்கணும்

டிசம்பர் 3, இரவு

அன்புள்ள இக்ரா,

கதவுக்கு அடியில் இந்தத் தாளையும் ஒரு பேனாவையும் தள்ளுகிறேன்; உங்கள் டார்ச் வெளிச்சத்தில் படி. கதவைத் திறந்தால் கிரீச்சென்று கத்தும், அப்பா எழுந்துவிடுவார். கீழே எங்கள் கம்பெனிக்குள் தண்ணீர் வந்ததிலிருந்து பனியன் துணி மூட்டைகளை மாடிக்குச் சுமந்து ஓய்ந்துபோயிருக்கிறார். இப்போது அந்த மூட்டைகள்மேல்தான் நம் வீதியே படுத்திருக்கிறது. புயல் மழைக்கு ஆற்றோரத்தைக் காலி செய்யச் சொல்லி மைக்கில் கூவியதும் எல்லாரும் இங்கேதானே வந்தீர்கள்? நீயும் உன் அம்மாவும் தம்பி தௌபிக்கும் மட்டும் ஏன் வெளியே மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறீர்கள்? என் அம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்துவிட்டாள். பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் அக்காவின் குறட்டையில் மழைச் சத்தமே கேட்கவில்லை. ஆனாலும் பயமாக இருக்கிறது. உள்ளே வாடி.

உன்
யாழினி

அன்புள்ள யாழினி,

உன் அம்மா "வாங்க" என்றார்கள். நீயும் சொன்னாய். உன் அப்பா ஒவ்வொருவரையும் "வாங்க, வாங்க" என்று கேட்டு உள்ளே அழைத்தார், எங்களை மட்டும் கேட்கவில்லை. சரக்கு அனுப்பும் ஷிப்மெண்ட் சமயத்தில் என் அத்தா உங்கள் கம்பெனியை விட்டு முதலிபாளையத்தில் வேறொரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டாரே, அந்தக் கோபம். இன்றிரவும் அத்தா அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

"ஊட்டுக்காரரு வாங்கன்னு கேக்காத ஊட்டுக்குள்ள எப்படிக் கண்ணு போறது?" என்கிறாள் அம்மா.

தௌபிக்குக் காய்ச்சல் கொதிக்கிறது. தண்ணீர் படியேறிக்கொண்டே இருக்கிறது. விடிந்ததும் அதில் இறங்கிப் பள்ளிக்கூட முகாமுக்குப் போகலாமாம். எனக்கு நீச்சல் தெரியாது.

இக்ரா

இக்ரா,

அப்பாவை எழுப்பிவிட்டேன். அடி விழும் என்றுதான் நினைத்தேன்.

"கேக்கலைன்னு யாரு சொன்னா? தலையாட்டுனனே!" என்கிறார்.

"கரண்ட் இல்லாத இருட்டுல தலையாட்டுனா யாருக்குங்கப்பா தெரியும்?"

தோளைத் தேய்த்துக்கொண்டார். "மூட்டை தூக்கித் தூக்கி வாயத் தொறக்கவே முடியல சாமி" என்றார். நிஜமோ பொய்யோ. இப்போது எழுந்து கதவுப் பக்கம் வருகிறார். உன் அம்மாவைக் காதுகொடுத்துக் கேட்கச் சொல்.

யாழினி

யாழினி,

கேட்டது. "நூர்ஜான் அம்மிணி, வாங்க. பையனத் தூக்கிட்டு உள்ள வாங்க" என்றார். அம்மா படியை விட்டு எழவில்லை. அவர் திரும்பி நடப்பதும் கேட்டது.

"கேட்டுச்சாம்மா?" என்றேன்.

"கேட்டுச்சு கண்ணு. எந்திரிக்க முடியல. காலு மரத்துப்போச்சு."

தனக்கு இன்னும் கோபம் என்று அண்ணன், அதான் உன் அப்பா, நினைத்துக்கொள்வாரோ என்று இப்போது அழுகிறாள். கிரீச்சிட்டால் கிரீச்சிடட்டும், கதவைத் திற. தௌபிக்கை உன் அப்பா வாங்கிக்கொள்ளட்டும். அம்மாவை நாம் இரண்டு பேரும் தூக்கிவிடலாம்.

இக்ரா